பிரிவால் வாடும் என் சிரிப்பு

என் முகத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. வாயின் இரண்டு ஓரமும் பிறவியிலேயே கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. கண்ணோரத்தில் முப்பது வயதுக்குள்ளேயே கோடு விழுந்துவிட்டது. சும்மா இருந்தால் சிரிப்பது போல இருக்கும். யோசித்தால் நக்கலாகச் சிரிப்பது போல இருக்கும். பல்வலி வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் "என்னடா இளிப்பு?" என்று ஒரு அடி, "இளிக்கலை சார்" என்று சொல்லும்போது கூடுதலாக இளித்ததாக இன்னொரு அடி. அன்று தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான். சாட்சி தரையைப் பார்த்தால் பொய் சொல்கிறான். நேராகப் பார்த்தால் தெனாவட்டு. கண்ணைக் கொட்டினால் பயம், கொட்டாவிட்டால் யாரோ பாடம் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். வெயிலில் மூன்று பஸ் மாறி வந்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷனுக்கு எந்த முகம் இருந்தால் இவர்கள் நம்புவார்கள்? கேட்டால் வக்கீல் சொல்வார், "நீ முதல்ல சிரிக்காம பேசுய்யா."

மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். வரி மடங்காத கவிதை மாதிரி ஏதோ ஒன்று. ரொம்ப சோகமாக எழுதுகிறார் என்பார்கள், என்னை நேரில் பார்க்காதவர்கள்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அக்காவின் கொழுந்தனால்.

எனக்கு ஒரே அக்கா. வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்தது. அவள் வீட்டுக்காரரை நான் மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். மச்சானுக்கு ஒரு தம்பி. வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுக்கிறார். எங்கோ ஒரு ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் உட்கார்ந்து முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு, லேமினேட் பண்ணிய ஒரு அட்டையோடு திரும்பி வந்தார். அதிலிருந்து குடும்பத்தில் ஒருவரும் நிம்மதியாகக் கண்ணைக் கசக்க முடியவில்லை.

அந்த அட்டையில் நான்கு நிறம். உற்றுப் பார்ப்பவன் சிவப்பு. கீழே பார்த்துப் பேசுபவன் நீலம். கேட்கும்போது தலையாட்டி, கண்ணைப் பாதி மூடுபவன் பச்சை. எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பவன் மஞ்சள்.

"நீ சுத்தமான மஞ்சள் மாப்ள" என்றார் என்னைப் பார்த்து, ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவு சொல்வது போல. "மஞ்சள் ஆளு நல்லவன்தான். ஆனா எதுவும் உள்ள இறங்காது. துக்கம் கூடத் தங்காது. ஒரு பொறுப்ப நம்பிக் குடுக்க முடியாது."

"நான் சிரிக்கலை மாப்ள. என் மூஞ்சி அப்படி."

"எல்லா மஞ்சளும் இதைத்தான் சொல்லும்."

மறுத்தாலும் அட்டையில் இருக்கிறது, ஒத்துக்கொண்டாலும் அட்டையில் இருக்கிறது.

மச்சான் மட்டும்தான் என் முகத்தை ஒரு முகமாக விட்டுவைத்தவர். போன தை மாசம் அக்கா மகளுக்கு நிச்சயம் நடந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். மச்சானின் தம்பி எதிரே உட்கார்ந்து மாப்பிள்ளைப் பையனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பொய் சொன்னால் பிடிக்க. பையன் வேர்த்துப்போய் ஜன்னலைப் பார்க்கிறான், ஃபேனைப் பார்க்கிறான், தன் செருப்பு கிடக்கும் வாசலை ஏக்கத்தோடு பார்க்கிறான். மச்சான் என் தோளில் கையைப் போட்டு, காதோரம் குனிந்து, "மாப்ள, எந்தம்பி பாக்குற பார்வைக்கு, பையன் மொறை தெரியாம இவன் கழுத்துல தாலியக் கட்டிரப் போறான்" என்றார். அந்த நொடியில்தான் அக்கா மகள் செல்போனில் எங்களைப் படம் எடுத்தாள். நான் முப்பத்திரண்டு பல்லும் தெரிய, கண் இரண்டும் கோடாக. அந்தப் படத்தை வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நிஜமாகவே சிரிக்கும்போது எடுத்த படம் அது ஒன்றுதான்.

மாசியில் மச்சான் போய்விட்டார். காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, வாசல்படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நான் போய்ச் சேரும்போது சாமியானா போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். தெரு இளைஞர்கள் யாரோ எல்லோருடைய வாட்ஸப்பிலிருந்தும் படத்தை எடுத்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் தெருமுனையில் எட்டடிக்குப் பத்தடி கட்டியாகிவிட்டது. மேலே கண்ணீர் அஞ்சலி. மூலையில் கண்ணீர் வடிக்கும் ஒரு ஜோடிக் கண். மதுரையில் யார் செத்தாலும் அழுவது அந்தக் கண்தான், மை தீட்டிய, நீளமான இமையுள்ள, எந்த தேசத்துப் பெண்ணுடையதோ தெரியாத கண். நடுவில் மச்சான், மேகத்துக்கு மேலே. கீழே "பிரிவால் வாடும்" என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே வரிசையாக நாங்கள். பிரிவால் வாடுகிறவர்களில் ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். ஒருவர் கொடைக்கானல் ஏரியில் படகில் இருந்தார். ஆனால் வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். மைத்துனன் என்பதால் மற்றவர்களைவிடப் பெரிதாக வேறு போட்டிருந்தார்கள்.

கட்டியவனிடம் ஓடினேன். "தம்பி, இதை இறக்குப்பா."

"எதுக்குண்ணே? நல்லாத்தானே இருக்கீங்க."

"சாவு வீட்ல சிரிக்கிறேன்டா!"

"அதனால என்னண்ணே, களையா இருக்கு. அழுகுற மாதிரி போட்டோ இருந்தா அனுப்புங்க, மாத்திரலாம்."

அழுகிற மாதிரி ஒரு போட்டோ. என்னிடம் எங்கே இருக்கிறது? உலகத்தில் யாரிடம் இருக்கிறது? செல்போனைத் துழாவினேன். ஐநூறு படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தேன், மருத்துவமனை அடையாளச் சீட்டு உட்பட.

சாமியானாவுக்குள் திரும்பியபோது மச்சானின் தம்பி நான்கைந்து பேருக்கு நடுவில் நின்று ஃப்ளெக்ஸைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்தில் கண் சிவந்திருந்தது. ஆனாலும் வித்தை விடவில்லை. "பொய்ச் சிரிப்பு ஒதட்டோட நின்னுரும். இது கண்ணோரம் வரைக்கும் போகுது பாருங்க. உள்ளேருந்து வர்ற சிரிப்பு. அடக்க முடியாத சந்தோஷம் இருந்தாத்தான் இப்படி வரும்." நான் அருகில் போனதும் நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன். அது அவர்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை போக வேண்டும். கோடி என்போம். அப்பா இல்லை, அம்மா இல்லை, நான்தான் கொண்டுபோனேன். தாலி இறக்கி முடித்திருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் அக்கா, என்னைவிட ஏழு வயது மூத்தவள், சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிப்போய். நான் குனிந்து சேலையை அவள் தோளில் போர்த்தினேன். "அக்கா" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெடுக்கென்று. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து. தாடை எலும்பு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

அந்த ஒரு திரும்பலை எத்தனை தடவை மனசில் ஓட்டிப் பார்த்திருப்பேன்! பஸ்ஸில், கோர்ட்டு வராந்தாவில், பல் தேய்க்கும்போது. அது வெறுப்பு. சந்தேகமே இல்லை. தெருமுனையில் என் சிரிப்பைப் பார்த்திருக்கிறாள், கொழுந்தன் அதற்கு உரை சொன்னதைக் கேட்டிருக்கிறாள், என் முகமே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாள். இரண்டு தடவை போன் பண்ணினேன். இரண்டு தடவையும் கொழுந்தன்தான் எடுத்தார். "மதினி படுத்திருக்காங்க மாப்ள. இப்ப நீ வராம இருக்கறது நல்லது. அவங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

போகவில்லை. ஒரு மாசம், இரண்டு மாசம், வைகாசி, ஆனி.

என் வீட்டுக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏங்க, உங்க அக்காதானே? போயி முன்னாடி நின்னா அடிச்சா வெரட்டிருவாக?"

"முன்னாடி நிக்கிறதுதான் பிரச்சினை. இந்த மூஞ்சியோட நிக்கணும்ல."

"அப்ப மொகத்தக் கொஞ்சம் சோகமா வச்சுக்கிட்டுப் போங்க."

வைத்துப் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு, ஐம்பது வயதில், உதட்டோரத்தை இரண்டு விரலால் கீழே இழுத்து. விட்டதும் ரப்பர் மாதிரி மேலே போனது. புருவத்தைச் சுருக்கினால் யாரையோ ஏமாற்றத் திட்டம் போடுவது போல இருந்தது. மகன் கதவைத் தட்டி, "அப்பா, உள்ள என்ன பண்றீங்க?" என்றான். சோகப்படுகிறேன் என்று சொல்லவா முடியும்?

இதற்குள் கல்யாண வேலை தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களில் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து, மணமேடைக்குக் கூட்டிப் போவது தாய்மாமன். அப்பா இல்லாத பெண்ணுக்குச் சொல்லவே வேண்டாம். அந்தப் பெண் பிறந்த அன்றைக்கு, ஒரு முழம் நீளம்கூட இல்லாத அதைக் கையில் கொடுத்து, "மாப்ள, இவள மேடைக்குக் கூட்டிப் போறது நீதான், அதுவரைக்கும் ஒடம்பப் பாத்துக்க" என்று மச்சான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது எங்கள் பெரியப்பா மகன் ஒருவர் அந்த இடத்தில் நிற்கப் போவதாகக் காதில் விழுந்தது. அவர் பச்சை நிறமாம். பொறுமையானவராம். கண்ணைப் பாதி மூடிக் கேட்பாராம். அவருக்குச் சர்க்கரை, மத்தியானம் ஆனால் கண் தானாக மூடும். அது அட்டையில் இல்லை.

ஆடி முடிந்த மறுநாள். ஆபீஸில் வாய்தா தேதி எழுதிக்கொண்டிருக்கிறேன், அக்கா மகளிடமிருந்து வாட்ஸப். கல்யாணப் பத்திரிகையின் அச்சு மாதிரி. "மாமா, பிழை இருக்கா பாருங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது."

பிழை பார்த்தேன். ஒற்று இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. தாய்மாமன் என்று அச்சடித்து, அதற்குக் கீழே ஒன்றுமில்லாமல் இருந்தது. வெள்ளையாக ஒரு வரி இடம்.

"இதுல பேரு விட்டுப்போயிருக்கே?" என்று எழுதினேன்.

"அம்மா சொல்ல மாட்டேங்குறாங்க மாமா. சித்தப்பா ஒரு பேரு சொல்றாரு. அம்மா வாயவே தெறக்கல."

மணி மூன்று. வக்கீலிடம் போய், "சார், வண்டியூர் வரைக்கும் போறேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, விசேஷமா?" என்றார்.

வண்டியை எடுத்தேன். ஆற்றுப் பாலத்தில் எப்போதும் போல நெரிசல். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. அதில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டது, பாவம். நான் பயத்தில் இருந்தேன். அக்கா கதவைத் திறந்து மறுபடியும் முகத்தைத் திருப்பினால் அதற்குப் பிறகு எனக்குப் போக ஒரு வீடு கிடையாது. தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து, மைய மண்டபம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூட நின்று ரசிக்காமல் வண்டியை விரட்டினேன்.

வாசலில் மச்சானின் பைக். அதைப் பார்த்ததும் இறங்கவே மறந்துவிட்டேன்.

வெயிலும் தூசியும் படாமல் அதை அந்த ஃப்ளெக்ஸால் மூடியிருந்தார்கள். மச்சான் முகம் இருந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது. கண்ணீர் வடிக்கும் அந்த ஜோடிக் கண் ஹெட்லைட் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. சீட்டின் மேல், நான். பிரிவால் வாடிக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு. ஆறு மாசமாக இந்தத் தெரு இதைத்தான் பார்த்துக்கொண்டு போய் வந்திருக்கிறது.

உள்ளே கூடத்தில் மச்சானின் தம்பி அச்சு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "மாப்ள, நான்தான் சொன்னேன்ல." குரலைத் தாழ்த்தி, "மதினி மூஞ்சி இன்னைக்குச் சரியில்ல" என்றார்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையில் கரண்டி. என்னைப் பார்த்தாள். நேராக, திரும்பாமல். நான்தான் தரையைப் பார்த்தேன், பொய்ச்சாட்சி மாதிரி.

"வழி தெரிஞ்சுச்சா?" என்றாள்.

"அக்கா, அந்தப் போட்டோ நான் குடுக்கலக்கா. அவனுங்களா எடுத்து..."

"எந்தப் போட்டோ?"

"வெளிய. வண்டி மேல."

"அதுக்கென்ன?"

"நான் சிரிக்கிறேன்ல."

அக்கா கரண்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "நிச்சயத்துக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டை எனக்குத் தெரியாதா? இங்க வா." என் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். ஃப்ளெக்ஸில் என் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். கடைக்காரன் அவசரத்தில் பின்னணியை வெட்டும்போது விட்டுவைத்த நான்கு விரல், சட்டை மடிப்பு மாதிரி, என் தோளில் கிடந்தது. மோதிர விரலில் வெள்ளி வளையம். "தெருவே ஒன் பல்லப் பாத்துச்சு. நான் இதைப் பாத்தேன். இந்த வெரலு வேற எந்தப் போட்டோவுலயும் இல்லடா. அதான் கிழிக்க விடாம வாங்கி வச்சேன். அவரு வண்டிய அவரு கைதானே மூடணும்."

வாயைத் திறந்தேன். வந்தது தப்பாக வந்தது. "அப்ப கோடி போடுறப்ப ஏன்க்கா மொகத்தத் திருப்புன?"

அக்கா என்னைப் பார்த்தாள், கணக்கில் தோற்றுவந்த தம்பியைப் பார்ப்பது போல. "அட வெளங்காதவனே. அதுக்கா ஆறு மாசம்?"

அக்காவே தொடர்ந்தாள்.

"தாலி எறக்குன கண்ணு யாரு மேல மொதல்ல படுதோ அவங்களுக்கு ஆகாதுன்னு பக்கத்துல இருந்த பெரியம்மா காதுல சொன்னாக. எனக்கு அதெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையான்னு யோசிக்கிற நேரமா அது? நீ குனிஞ்சு மொகத்துக்கு நேரா வார. இருக்கறது ஒரு தம்பி. கண்ண மூடிக்கிட்டு செவத்துப் பக்கம் திரும்பிட்டேன். சாயங்காலமா நல்லாப் பாத்துக்கலாம்னு. சாயங்காலம் நீ இல்ல. மறுநா வருவ, மறுநா வருவன்னு பாத்தேன். காக்கா ஏன் கரையுது, குருவி என்ன நெனைக்கிதுன்னு அம்புட்டும் எழுதுற. அக்கா ஏன் திரும்புனான்னு கேக்கத் தெரியல."

ஆறு மாசம் அட்டைக்காரரைத் திட்டினேன். வக்கீல்களைத் திட்டினேன். பள்ளிக்கூட வாத்தியாரை முப்பத்தைந்து வருஷம் கழித்துத் திட்டினேன். ஒரு திரும்பலைப் பார்த்து ஒரு மனுஷியை முழுசாகப் படித்துவிட்டதாக நினைத்து, அந்தப் பாடத்தை மனப்பாடம் பண்ணி, வீட்டில் உட்கார்ந்துகொண்டது நான். என்னிடம் அட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எரிச்சல் தலைக்கேறியது. இந்தத் தடவை திட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

"பத்திரிகையில ஏன்க்கா பேரு போடல?"

"என் தம்பி பேரு எனக்குத் தெரியும். அதை அவனே வந்து எழுதட்டும்னு விட்டு வச்சேன். அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. எழுதுறியா, இல்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்பியா?"

கொழுந்தன் வாசல் நிலையில் சாய்ந்து பேனாவை நீட்டினார். அக்கா மகள் அவரைத் திருப்பி நிறுத்தி, அச்சு மாதிரியை அவர் முதுகிலேயே வைத்துப் பிடித்தாள். அந்த வெள்ளை வரியில் எழுதினேன். கொழுந்தன் முதுகு அசைந்ததால் என் பேர் வேறு யார் பேர் மாதிரியோ இருந்தது.

"அவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணி எம்புட்டு நாளாச்சு" என்றாள் அக்கா. "கல்யாணத்துக்கு அலைய வண்டி வேணும். எடு பாப்போம்."

ஃப்ளெக்ஸை மடித்தேன். தோளும் விரலும் உள்பக்கம் வரும்படி. என் பல் வெளிப்பக்கம் வந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பைக்கை உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். கால் வழுக்கி, கெண்டைக்காலில் கிக்கர் அடித்து, நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

அக்கா சிரித்தாள். மாசிக்குப் பிறகு முதல் தடவை என்று அவள் மகள் திரும்பிப் பார்த்ததிலேயே தெரிந்தது.

மச்சானின் தம்பி என் பக்கத்தில் வந்து, காதோரம் குனிந்து, "மாப்ள, மதினி கண்ணோரத்தைக் கவனி" என்றார். "இது நெசச் சிரிப்பு இல்ல."

நான் கவனிக்கவில்லை. வலித்த காலாலேயே இன்னொரு உதை உதைத்தேன்.